தீவகத்தார் ஒன்றுகூடல்

தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆயினும், தீவு என்பது யாது என்பதை அம்மாவட்டத்து மலைவாழ் மக்கள் நன்கு அறிவர். நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்று நூல்கள் கூறும். வேண்டியபோது வெளியே செல்லவும் வேண்டியவர் உள்ளே வரவும் இயலாத ஊர், மலைமேல் இருப்பினும், ஒருவகையில் தீவே ஆகும். பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்கு ஊர்திகள் செல்லும் வழி இல்லாமையால், 2021-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவுப் பொறிகளைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்றனர். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் நிலையும் ஒரு காலத்தில் இத்தகையதே. 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அங்கு ஒருவர் நோயுற்றால் ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரூருக்கே அவரைக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது.

இவ்வாறு ஒதுங்கிக் கிடக்கும் ஊர்கள் தம் வலிமை ஒன்றையே கொண்டு வாழ்தல் அரிது. அவற்றை மறவாத அன்பர் சிலர் வெளியுலகில் இருத்தல் வேண்டும். கடல் நடுவே உள்ள தீவுகளுக்கோ இத்தேவை பன்மடங்கு பெரிது. அத்தேவையிலிருந்து பிறந்த ஒரு வழக்கமே ஆண்டுக் கூடல். தீவில் பிறந்து வெளியேறியவரும், அங்குப் பணி புரிந்து திரும்பியவரும், அதன்பால் அன்புடைய பிறரும் ஆண்டுக்கு ஒரு நாள் ஓரிடத்தில் கூடுவர். தீவின் நலம் உசாவுவர். அதற்கு ஆவன செய்வர். தமிழரிடையே இவ்வழக்கம் மிகுதியாகக் காணப்படுவது யாழ்ப்பாணத்துத் தீவக மக்களிடத்திலாகும்.

இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மேற்கிலும் தென்மேற்கிலும் பாக்கு நீரிணையில் பல தீவுகள் உள்ளன. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர், மண்டைதீவு என்பன அவற்றுள் சில. இவற்றைத் தொகுத்துத் தீவகம் என்பர். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டனர். நெடுந்தீவு இன்றும் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் என்றே வழங்குகிறது. காரைநகரும் வேலணையும் புங்குடுதீவும் கடலினூடே அமைந்த சாலைகளால் பிற நிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையேயுள்ள சாலையை வாணர் பாலம் என்பர். அது அமையப் பாடுபட்ட வாணர் உடன்பிறந்தாரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. புங்குடுதீவின் கோடியில் குறிகட்டுவான் என்னும் இறங்குதுறை உள்ளது. அதற்கு அப்பால் படகே கதி. நயினாதீவு கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ளது; நெடுந்தீவை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரப் பயணம் எளிதன்று.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அங்கு வேலிகளுக்குக் கிடுகோ பனையோலையோ தேடுவதில்லை; கடல் தந்த பவளக் கற்களையே சாந்தின்றி அடுக்கி மதில் எழுப்புவர். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்று உடையவர் இன்றி அதன் புல்வெளிகளில் திரிகின்றன. ஆப்பிரிக்காவிற்குரிய பெருக்கமரம் ஒன்றும் அங்கு உண்டு.

இத்தீவுகளின் பெருங்குறை நன்னீரே. இவை சுண்ணக்கல் நிலங்கள். ஆறு இல்லை, மலை இல்லை. மாரியில் பெய்யும் மழை கல்லின் துளைகள் வழியே கீழே இறங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் எடை குறைந்தது. ஆதலால், நிலத்தடியே புகுந்துள்ள கடல்நீரின் மேல் அது ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். அளவறிந்து இறைப்பார்க்கு அக்கிணறு ஆண்டு முழுவதும் பயன்படும். ஆசையால் மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழுந்து கிணற்றைக் கெடுத்துவிடும். ஒருமுறை உவர்ப்பேறிய கிணறு மீண்டும் நன்னீர் தரப் பல மாரிகள் செல்லும்.

மண் வளமும் நீர் வளமும் சுருங்கிய இடத்தில் எல்லாரும் உழுதுண்டு வாழ இயலாது. எனவே, தீவக மக்கள் பண்டு தொட்டே வெளியே சென்று பொருளீட்டினர். சிலர் பிரித்தானியர் ஆண்ட மலாயாவிற்குச் சென்று அலுவலகங்களிலும் புகைவண்டித் துறையிலும் பணி புரிந்தனர். பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தனர். புங்குடுதீவாரின் கடைகளும் உணவகங்களும் கொழும்பில் பெயர் பெற்றிருந்தன. தந்தை கடையில் இருப்பார். தாயும் மக்களும் தீவில் இருப்பர். மாதந்தோறும் காசுக்கட்டளை வரும். தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவிற்கும் ஊர் நிறையும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஆனி மாதம் நிகழும் பெருவிழாவிற்கு எங்கெங்கோ இருந்த உறவினரெல்லாம் வந்து சேர்வர். எண்ணிப் பார்ப்பின், தீவகத்தாரின் ஆண்டுக் கூடலுக்கு அத்திருவிழாக்களே தாய் எனலாம். அன்று கூடும் இடம் தீவாக இருந்தது. பின்னர் அவ்விடம் மாறியது.

மாற்றியது போர். 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கொழும்பில் தமிழர்மேல் நிகழ்ந்த கொடுமையால் கடைகள் எரிந்தன. கடைகளோடு அவற்றை நம்பியிருந்த தீவுகளின் வாழ்வும் சாய்ந்தது. 1985-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிற் சென்றவர் பலர் கொல்லப்பட்டனர். 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் போர் தீவுகளையே வந்து தாக்கிற்று. வேலணை, புங்குடுதீவு முதலியவற்றில் வாழ்ந்த மக்களுள் மிகப் பெரும்பாலோர் உடுத்த உடையோடு வெளியேறினர். அவர்களுள் ஒரு பகுதியினர் குடாநாட்டிலும் வன்னியிலும் தங்கினர். ஏனையோர் கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளை அடைந்தனர். 2009-ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தபோது அயல்நாட்டில் பிறந்த பிள்ளைகள் பலர் வளர்ந்துவிட்டனர்.

புகுந்த நாட்டில் அவர்கள் செய்த முதற் செயல்களுள் ஒன்று ஊர்ச் சங்கம் அமைத்தலாகும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சங்கம். அவ்வூர்ப் பள்ளிக்குப் பழைய மாணவர் சங்கம் ஒன்று. கனடாவில் புங்குடுதீவார் நடத்தும் விழாவிற்குப் ‘பூவரசம் பொழுது’ என்று பெயர். காரைநகரார் தம் விழாவைக் ‘காரை வசந்தம்’ என அழைக்கின்றனர். இவை மண்டபத்துள் நிகழும் கலைவிழாக்கள். இவற்றினும் சுவை மிக்கது கோடைகால ஒன்றுகூடல். அந்நாடுகளில் பனி நீங்கி வெயில் காயும் மாதங்கள் சிலவே. அம்மாதங்களில், ஒரு விடுமுறை நாளில், நகரப் பூங்கா ஒன்றில் ஊரார் காலையிலேயே வந்து கூடுவர்.

அங்கு முதலிற் கேட்கும் வினா, ‘நீர் யார் மகன்?’ என்பது. பெயர் சொன்னால் போதாது; எந்த வட்டாரம், எந்தக் கோயிலடி, எந்தக் கடைக்காரர் பேரன் என்று விளங்கினால்தான் முதியோர் மனம் அமைதியுறும். பிறகு கிளித்தட்டு, கயிறிழுத்தல், முட்டியுடைத்தல், சங்கீதக் கதிரை என விளையாட்டுகள் தொடங்கும். ஒருபுறம் பெரிய பானையில் கூழ் கொதிக்கும். பனங்கொட்டைகளை மண்ணிற் புதைத்து முளைக்க வைத்துப் பெறும் கிழங்கை அவிக்காமல் பிளந்து வெயிலில் உலர்த்தினால் அது ஒடியல். அதனை மாவாக்கி, நீரில் ஊறவைத்துக் கைப்பை நீக்கி, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், புளி ஆகியவற்றோடு சேர்த்துக் காய்ச்சுவது ஒடியற்கூழ். ஊரில் அதனைப் பனையோலையால் செய்த பிளாவில் ஊற்றிக் குடிப்பர். புலம்பெயர்ந்த இடத்தில் காகிதக் கிண்ணமே கிடைக்கிறது. ஆயினும் அக்கூழின் சுவைக்காகவே தொலைவிலிருந்து வருவோர் உளர்.

நண்பகலுக்குப் பின் சங்கத்தின் செயலாளர் ஆண்டறிக்கை படிப்பார். இளைஞர் பலருக்கு இப்பகுதியில் நாட்டம் குறைவு. உண்மையில் அந்நாளின் உயிர்ப்பகுதி இதுவே. பள்ளிக்கு எத்தனை நாற்காலிகள் வாங்கப்பட்டன, தொண்டர் ஆசிரியர்க்கு மாதந்தோறும் எவ்வளவு வழங்கப்பட்டது, எந்தக் குளம் தூர்வாரப்பட்டது, எந்தக் கிணறு இறைத்துச் செப்பனிடப்பட்டது, ஆதரவற்ற முதியோர் எத்தனை பேருக்கு உதவி சென்றது என்பன அவ்வறிக்கையில் இருக்கும். கணக்கு முன்வைக்கப்படும், கேள்விகள் எழும், சில வேளைகளில் சொற்போரும் மூளும். அதுவும் ஊர் வழக்கந்தானே! இறுதியில் புதிய செயற்குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைவர்.

இவ்வாறு செல்லும் பணம் சிறிதன்று. அதன் பின்னுள்ள அன்பும் சிறிதன்று. எனினும், ஓர் உண்மையை மறைத்தற்கில்லை. ஒன்றுகூடலுக்கு வருவோர் தொகை பெருகிய காலத்தில் தீவில் வாழ்வோர் தொகை பெருகவில்லை. புங்குடுதீவில் கூரையிழந்த வீடுகளின் சுவர்களில் ஆலும் அரசும் வேரோடியிருக்கும் காட்சியை இன்றும் காணலாம். கோயில்கள் புதுக்கப்பெற்றுக் கோபுரங்கள் உயர்கின்றன. அருகிலுள்ள பள்ளியிலோ வகுப்புகள் நிறையவில்லை. வெளிநாட்டில் இருப்பவர் பெயரிலேயே காணிகள் கிடக்கின்றன. அவற்றை அவர் விற்பதும் இல்லை. தாமே வந்து பயிரிடுவதும் இல்லை. ஊரில் எஞ்சியுள்ள ஏழைக் குடும்பங்களோ தமக்கென ஒரு துண்டு நிலம் இன்றி இருக்கின்றன. பாசத்தால் விற்க மனமின்றி வைத்திருக்கும் நிலமே ஊர் தழைக்கத் தடையாவது இரங்கத்தக்கது.

இந்நிலையை நினைக்குங்கால் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் வரலாறு நெஞ்சில் எழுகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தை மதுரையில் சிந்தாதேவியிடம் பெற்றவன் அவன். பசித்தோர்க்கெல்லாம் உணவளித்து வந்தான். நாட்டில் மழை வளம் பெருகி, பசித்தவர் இல்லாமற் போகவே, சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு மரக்கலம் ஏறினான். வழியிற் காற்று மிக, கலம் மணிபல்லவத் தீவில் ஒரு நாள் தங்கியது. அவன் இறங்கினான், அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கலம் இரவில் சென்றுவிட்டது. ஆளில்லாத் தீவில் அமுதசுரபியோடு தனித்து நின்றான் ஆபுத்திரன். உலகையே ஊட்டவல்ல பாத்திரம் கையில் இருந்தது. ஊட்டப்படுவார் ஒருவரும் இலர். தன் வயிற்றை மட்டும் நிரப்ப அதனைப் பயன்படுத்த மனமின்றி, ஆண்டுக்கொரு நாள் வெளிப்படுக என்று கூறி அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாது உயிர் நீத்தான். அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று கருதும் அறிஞர் உளர், மறுப்பாரும் உளர். இடம் எதுவாயினும், ஆண்டுக்கொரு நாள் வெளிப்படும் அமுதசுரபியைப் போன்றதே புலம்பெயர்ந்தோரின் கொடை. கலத்தை ஏந்துவார் தீவில் இருத்தல் வேண்டும்.

தீவு வெறுமையுற்ற பின்னும் அன்பர் கூட்டம் நிலைத்திருத்தல் உண்டு. ஸ்காட்லாந்திற்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்னும் தீவுக் கூட்டம் உள்ளது. அங்குப் பன்னூறாண்டுகளாக மக்கள் வாழ்ந்தனர்; கடற்பறவைகளே அவர்தம் முதன்மையான உணவு. இளைஞர் ஒவ்வொருவராக வெளியேற, எஞ்சியோரால் படகு செலுத்தவும் நிலம் உழவும் இயலாமற் போயிற்று. தம்மை அழைத்துச் செல்லுமாறு அவர்களே அரசுக்கு விண்ணப்பித்தனர். 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் எஞ்சியிருந்த 36 பேரும் கப்பலேறினர். புறப்படுமுன் வீடுதோறும் விவிலிய நூலைத் திறந்து வைத்து, அதன் பக்கத்தே சிறிதளவு தானியமும் வைத்துச் சென்றனர் என்பர். அங்குப் பிறந்தோருள் கடைசியாக எஞ்சியிருந்தவரும் 2016-ஆம் ஆண்டு மறைந்தார். அத்தீவின்மேல் பற்றுக் கொண்ட அன்பர்களின் கழகமோ இன்றும் இருக்கின்றது. 1958-ஆம் ஆண்டு முதல் தொண்டர்கள் கோடையில் அங்குச் சென்று இடிந்த வீடுகளின் சுவர்களைச் செப்பனிட்டு வருகின்றனர். ஆனால், அவ்வீடுகளில் குடியிருக்க அத்தீவின் மக்கள் திரும்பவில்லை.

இதற்கு மாறானது திரிஸ்தான் த கூன்யாவின் கதை. தென் அட்லாண்டிக் கடலில் உள்ள அத்தீவிலிருந்து மக்கள் வாழும் அடுத்த நிலமாகிய செயின்ட் ஹெலினாவிற்கு 2,400 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. 1961-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் குடியிருப்பின் அருகிலேயே எரிமலை வெடித்தது. 264 பேரும் ஊரை விட்டு இங்கிலாந்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு வீடும் வேலையும் கிடைத்தன; ஊர்தியும் திரைப்படமும் இருந்தன. திரும்புவது குறித்து மறு ஆண்டு நிகழ்ந்த வாக்கெடுப்பில் திரும்ப வேண்டும் என்றோர் 148 பேர். வேண்டா என்றோர் 5 பேர். 1963-ஆம் ஆண்டு பெரும்பாலோர் மீண்டும் தம் தீவை அடைந்தனர். இன்றும் அங்கு விமான நிலையம் இல்லை; கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம் அளவில் செல்ல வேண்டும். கடல் இறாலைப் பிடித்துப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்வதே அவர்தம் தொழில். அத்தீவில் பணியாற்றிய மருத்துவரும் ஆசிரியரும் அதிகாரிகளும், இங்கிலாந்தில் தங்கிய தீவினரும் ஒரு சங்கம் அமைத்து, சவுதாம்டன் நகரில் ஆண்டுதோறும் கூடுகின்றனர். தீவிலிருந்து வந்த செய்தி அங்குப் பேசப்படும். செய்தி அனுப்பத் தீவில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளனர். அதனால் அக்கூட்டம் நினைவுநாளாக ஆகிவிடவில்லை.

யாழ்ப்பாணத் தீவகம் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றது. ஓய்வு பெற்றபின் ஊரிலேயே வந்து தங்கும் முதியவர் சிலரும், ஆனித் திருவிழாவிற்குத் தம் பிள்ளைகளை அழைத்து வருவோர் பலரும் இருக்கின்றனர். சில சங்கங்களில், மண்டபம் கட்டுவதைவிட மகப்பேற்றிற்கு உரிய மருத்துவ வசதியும், கடற்பயணத்திற்குரிய நல்ல படகும், ஊரிலிருக்கும் இளைஞர்க்குத் தொழிலும் முன்னே வேண்டும் என்னும் குரல் எழுகின்றது. அக்குரலே தக்கது. நோயுற்றவரைக் கடல் கடத்திக் கொண்டு செல்ல வேண்டிய இடத்தில், கருவுற்ற பெண்ணை யார் குடிவைப்பர்?

இக்கேள்வியைத் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியும் எதிர்கொண்டது. 1993-ஆம் ஆண்டு ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் அப்பள்ளத்தாக்கிற்கு வந்தனர். மலைமக்கள் கட்டித் தந்த குடிசையே முதல் மருத்துவமனை. அறுவை மருத்துவமும் அதனுள்ளேயே நடந்தது. அந்நாளில் அங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. வெளியூர் அன்பர்கள் அனுப்பிய பொருள் அங்கும் வந்தது. அப்பொருளைக் கொண்டு அவ்விருவரும் செய்த வேலைகளுள் தலையாயது, அவ்வூர்ப் பெண்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்தது. அவர்கள் ஊர் ஊராக நடந்து கருவுற்ற தாய்மாரைக் கண்டனர். பச்சிளங்குழந்தைகளை நிறுத்து எடை பார்த்தனர். குழந்தை இறப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்னும் பெயருடைய அத்தொண்டு நிறுவனத்தின் சார்பில், பின்னர் இரசாயன உரமின்றிப் பயிரிடும் உழவர் சங்கம் ஒன்று தோன்றியது. தம் பாட்டிமாரின் பூத்தையலை மறந்துகொண்டிருந்த லம்பாடிப் பெண்கள் அதனை மீண்டும் கற்று, ‘போர்கை’ என்னும் பெயரில் விற்கத் தொடங்கினர். அச்சொல்லுக்கு அவர்தம் மொழியில் பெருமை என்பது பொருள். குடிசையாக இருந்த மருத்துவமனை இப்போது கட்டடமாக நிற்கிறது. அதில் பணிபுரிவோருள் மிகப் பெரும்பாலோர் அப்பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர்.